டமாக்சிஃபென்: ஒரு வரியில் டிரான்ஸ், அடுத்த வரியில் இசட். எது சரி?

மாத்திரைச்சீட்டு

வணக்கம். பி.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருந்து வேதியியல் அசைன்மென்ட்டுக்கு டமாக்சிஃபென் எடுத்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்களே, அதுதான். நால்வடெக்ஸ் மாத்திரையின் விவரச்சீட்டில், இது டிரைபீனைல் எத்திலீன் வழிப்பொருள் ஒன்றின் டிரான்ஸ் மாற்றியம் (அதே அணுக்கள், வேறு இட அமைப்பு) என்று போட்டிருக்கிறது. அடுத்த வரியில் முழு வேதிப்பெயர் வருகிறது. அது அடைப்புக்குறிக்குள் 'இசட்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்குகிறது.

எங்களுக்கு வகுப்பில் சொன்னது: தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ்; சிஸ் என்றால் 'இசட்', டிரான்ஸ் என்றால் 'ஈ'. இரண்டு கட்டம் போட்ட அட்டவணையாகவே நோட்டில் இருக்கிறது. அப்படியிருக்க ஒரே மருந்து டிரான்ஸாகவும் 'இசட்'டாகவும் எப்படி இருக்கும்? அசைன்மென்ட்டில் எதை எழுதுவது?

பென்சீன்வளையம்

அச்சுப்பிழையாகத்தான் இருக்கும். வேதிப்பெயரை நம்புங்கள், 'டிரான்ஸ்' என்பதை அடித்துவிட்டு 'சிஸ்' என்று போடுங்கள். வேலை முடிந்தது.

சுண்ணக்கட்டி

அடிக்க வேண்டாம் அம்மா. இரண்டும் சரி.

தாள் எடுத்து வரைந்து பார். நடுவில் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு. இடது கார்பனில் இரண்டு பென்சீன் வளையங்கள். ஒன்று வெறும் பீனைல். மற்றதன் பாரா இடத்தில், அதாவது வளையத்தின் நேர் எதிர் முனையில், ஓர் ஆக்சிஜன், அதிலிருந்து டைமெத்தில்அமினோஎத்தில் வால். வலது கார்பனில் ஒரு வெறும் பீனைல், ஓர் எத்தில். மூலக்கூறில் மொத்தம் இரண்டு வெறும் பீனைல்கள் இருப்பதைக் கவனி.

விவரச்சீட்டில் 'டிரான்ஸ்' என்பது அந்த இரண்டு வெறும் பீனைல்களைப் பற்றிய பேச்சு. அவை எதிரெதிர்ப் பக்கம் இருக்கின்றன. அவ்வளவுதான்.

'இசட்' வேறொரு கணக்கு. இடது கார்பனில் இருக்கும் இரண்டில் எது பெரியது, வலது கார்பனில் இருக்கும் இரண்டில் எது பெரியது என்று தனித்தனியாகத் தீர்மானிக்கிறோம். இடதுபுறம் ஆக்சிஜன் வால் உள்ள வளையம் பெரியது. வலதுபுறம் பீனைலுக்கும் எத்திலுக்கும் போட்டி, பீனைல் பெரியது. இந்த இரு பெரியவர்களும் ஒரே பக்கம் இருந்தால் 'இசட்', எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் 'ஈ'. டமாக்சிஃபெனில் ஒரே பக்கம்தான். இடப்பக்கப் பெரியவர் வலப்பக்கப் பீனைலோடு சேர்ந்து நின்றால், இடப்பக்க வெறும் பீனைல் தானாக எதிர்ப்பக்கம் போய்விடும். டிரான்ஸும் 'இசட்'டும் ஒரே படத்தில் கிடைத்துவிட்டன.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காலக்கணக்கும் உண்டு. டோரா ரிச்சர்ட்சன் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதைத் தயாரித்தது 1962-இல். இரண்டு மாற்றியங்களுக்கும் ஐ.சி.ஐ. 46,474, ஐ.சி.ஐ. 47,699 என்று எண் கொடுத்திருந்தார்கள். இவை இரண்டும் உடலில் ஒன்றுக்கொன்று முரணாக வேலை செய்கின்றன என்று ஹார்ப்பரும் வால்போலும் நேச்சர் இதழில் எழுதியது 1966. ஒன்று ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, மற்றது ஈஸ்ட்ரோஜன் போலவே நடக்கிறது. அந்தக் கட்டுரையில் சிஸ், டிரான்ஸ் என்றுதான் இருக்கும். 'ஈ', 'இசட்' எழுத்துகளை முன்மொழிந்த கட்டுரையே 1968-இல்தான் வந்தது. முதலில் ஒட்டிய பெயரை மருந்துத் துறை விடவில்லை, பிறகு வந்ததையும் சேர்த்துக்கொண்டது.

பென்சீன்வளையம்

ஐயா, அப்படியானால் அவரவர் விரும்பிய தொகுதியைப் பார்த்து சிஸ், டிரான்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாமா? நான் எத்திலையும் பீனைலையும் பார்த்து வேறு மாதிரி சொன்னால்?

சுண்ணக்கட்டி

சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கேட்பவருக்குத்தான் புரியாது. அந்த முறையின் நோயே அதுதான் தம்பி.

3-மெத்தில்பென்ட்-2-ஈன் எடுத்துக்கொள். இரண்டாவது கார்பனில் மெத்தில், ஹைட்ரஜன். மூன்றாவதில் மெத்தில், எத்தில். இரண்டு மெத்தில்களும் ஒரே பக்கம் இருக்கிற மாதிரி வரை. ஒரே மாதிரித் தொகுதிகளைப் பார்ப்பவர் இதைச் சிஸ் என்பார். முதன்மைச் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பவரோ, சங்கிலி இரட்டைப் பிணைப்பைக் குறுக்கே தாண்டிப் போவதால் டிரான்ஸ் என்பார். இரண்டு பழக்கமும் பாடநூல்களில் இருக்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பாட்டிலில் இரண்டு பெயர் ஒட்டலாம்.

பழைய தலைமுறைக்கு இது தொந்தரவாக இல்லை. அவர்கள் கையாண்டவை மெலியிக், ஃபியூமரிக் அமிலம் போன்றவை. இரு கார்பனிலும் ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பாக்சில். யார் பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும். வான்ட் ஹாஃப் 1874-இல் நான்முகிக் கார்பனைச் சொன்னபோதே, இரண்டு நான்முகிகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்தால் இரு வடிவங்கள் வரும் என்பது அதற்குள் இருந்தது. விஸ்லிசேனஸ் 1887-இல் அதை விரிவாக்கினார். அடுத்த ஆண்டே பேயர் வளையச் சேர்மங்களுக்குச் சிஸ், டிரான்ஸ் என்ற சொற்களைக் கொண்டுவந்தார். எண்பது ஆண்டுகள் ஓடியது. கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் போன்ற பெரிய அட்டவணைகள் லட்சக்கணக்கான சேர்மங்களை எழுத்தில் பதிய வேண்டி வந்தபோதுதான் நான்கு தொகுதிகளும் வேறுவேறாக உள்ள ஆல்கீன்கள் தலைவலியாயின. 1968 கட்டுரை அங்கிருந்துதான் வந்தது. நான்கு வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பனின் இடவல அமைப்பைச் சொல்லும் ஆர், எஸ் பெயரிடலுக்காக கான், இங்கோல்ட், பிரலாக் மூவரும் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த முன்னுரிமை விதிகளை அப்படியே இரட்டைப் பிணைப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓஎம்ஆர்தாள்

நீட் வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்தத் தங்கச்சிக்கு அட்டவணை கொடுத்த ஆசிரியரைத் திட்ட வேண்டாம். பியூட்-2-ஈன், டைகுளோரோஎத்தீன், ஒலியிக் அமிலம், சின்னமிக் அமிலம் என்று தேர்வில் வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அட்டவணை சரியாகவே வேலை செய்யும். முப்பது விநாடியில் ஒரு கேள்வி போட வேண்டிய பிள்ளைக்கு டமாக்சிஃபென் கதை எதற்கு?

சுண்ணக்கட்டி

அட்டவணை எங்கே வேலை செய்யும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டால் எனக்குச் சண்டையே இல்லை. நீங்கள் சொன்ன நான்கிலும் பொதுவாக இருப்பது என்ன? இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பனிலும் ஒரு ஹைட்ரஜன் வீதம் இருக்கிறது. ஹைட்ரஜன் எப்போதும் தோற்கும். எதிரே எந்தத் தொகுதி இருந்தாலும் அது வெல்லும். அதனால் அந்த வகையில் சிஸ் என்றால் 'இசட்', விதிவிலக்கே கிடையாது. ஒரு கார்பனில் ஹைட்ரஜன் இல்லாமல் போன நிமிடமே அட்டவணையை மூடிவைக்க வேண்டும்.

உங்கள் வகுப்புக்கே ஒரு கேள்வி தருகிறேன். 2-புரோமோபியூட்-2-ஈன். இரண்டு மெத்தில்களும் ஒரே பக்கம். என்ன பெயர்?

ஓஎம்ஆர்தாள்

சங்கிலி சிஸ். இரண்டாவது கார்பனில் புரோமின் மெத்திலை வெல்லும், மூன்றாவதில் மெத்தில் ஹைட்ரஜனை வெல்லும். புரோமின் கீழே, மூன்றாவதன் மெத்தில் மேலே. 'ஈ'. சரி, பாயின்ட் புரிகிறது. இந்தக் கேள்வியை அடுத்த மாதிரித் தேர்வில் வைக்கிறேன், யார் யார் அட்டவணையைப் பார்த்து விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

மாத்திரைச்சீட்டு

நன்றி ஐயா. ஆனால் 'பெரியது' என்று நீங்கள் சொன்ன இடத்தில் சிக்கிக்கொண்டேன். இடதுபுறம் இரண்டுமே பென்சீன் வளையம். இரண்டும் கார்பன் வழியாகத்தானே ஒட்டியிருக்கின்றன? மூலக்கூறு எடையைப் பார்த்தா முடிவு செய்கிறோம்?

சுண்ணக்கட்டி

எடையை மறந்துவிடு. பருமனையும் மறந்துவிடு. இந்த இரண்டையும் நினைத்துக்கொண்டே விடை எழுதித் தவறுகிற பிள்ளைகளை வருடந்தோறும் பார்த்தேன்.

பார்க்க வேண்டியது அணு எண். இரட்டைப் பிணைப்புக் கார்பனோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும் அணு எது? அணு எண் கூடியது வெல்லும். அயோடின், புரோமின், குளோரின், கந்தகம், ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன் என்று இறங்குவரிசை. ஐசோடோப்பானால் நிறை எண். டியூட்டீரியம் சாதாரண ஹைட்ரஜனை வெல்லும்.

முதல் அணு சமமானால் அடுத்த அடுக்கு. அகராதியில் சொல் தேடுகிற மாதிரிதான் இது. முதல் எழுத்து ஒன்றானால் இரண்டாவதைப் பார்க்கிறோம். வேறுபாடு தெரிந்த இடத்தில் முடிவு, அதற்குப் பின்னால் சொல் எவ்வளவு நீளம் என்பது கணக்கிலேயே வராது. புரோமோமெத்தில் தொகுதியையும் மூவிணைய பியூட்டைலையும் ஒப்பிடு. இரண்டிலும் முதல் அணு கார்பன். அதில் ஒட்டியவை: ஒன்றில் புரோமின், ஹைட்ரஜன், ஹைட்ரஜன், மற்றதில் கார்பன் மூன்று. பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், கூட்டக் கூடாது. புரோமின் எதிர் கார்பன், புரோமின் வென்றது, முடிந்தது. மூன்று கார்பன்கள் சேர்ந்து வந்தாலும் ஒரு புரோமினை அசைக்க முடியாது.

பலரும் விழுகிற இன்னொன்று, சயனைடு தொகுதிக்கும் ஹைட்ராக்சிமெத்திலுக்கும் நடக்கும் போட்டி. முப்பிணைப்பு இருப்பதால் சயனைடு என்று கை தானாக எழுதும். இரட்டை, முப்பிணைப்புகளை விரித்து எழுதும்போது எதிரே உள்ள அணுவைப் பிரதியெடுத்து வைப்போம். அப்படி எடுத்தால் சயனைடு கார்பனில் நைட்ரஜன் மூன்று. ஹைட்ராக்சிமெத்திலில் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. முதல் ஒப்பீட்டிலேயே ஆக்சிஜன் நைட்ரஜனை வெல்கிறது. ஹைட்ராக்சிமெத்திலுக்குத்தான் முன்னுரிமை.

வினைலுக்கும் ஐசோபுரோப்பைலுக்கும் வந்தால் ஓர் அடுக்கு கூடுதலாக இறங்க வேண்டும். முதல் கார்பனில் இரண்டுக்குமே கார்பன், கார்பன், ஹைட்ரஜன். வினைலில் ஒரு கார்பன் பிரதி. அடுத்த அடுக்கில் வினைலின் முனைக் கார்பன் இன்னொரு பிரதிக் கார்பனையும் இரண்டு ஹைட்ரஜனையும் காட்டும். ஐசோபுரோப்பைலின் மெத்தில் வெறும் ஹைட்ரஜன்களைக் காட்டும். வினைல் முன்னே.

இப்போது உன் டமாக்சிஃபென். இடதுபுறம் இரண்டு வளையங்களும் ஒட்டிய கார்பனில் சமன், அதற்கு அடுத்த ஆர்த்தோவில் சமன், அதற்கும் அடுத்த மெட்டாவிலும் சமன். பாராவில் வந்துதான் ஒன்றில் ஆக்சிஜன், மற்றதில் ஹைட்ரஜன். அங்கே முடிவு. வலதுபுறம் பீனைலின் முதல் கார்பனில் கார்பன் மூன்று. எத்திலில் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. பீனைல் வெல்கிறது. அசைன்மென்ட்டில் இந்த இரண்டு ஒப்பீட்டையும் படத்தோடு எழுதிவிடு. டிரான்ஸ் என்ற சொல்லை எழுதினால், எந்த இரு தொகுதிகள் டிரான்ஸ் என்பதையும் பக்கத்திலேயே எழுது.

கரிசல்காட்டான்

வேதியியல் படித்துவிட்டு வேளாண் இடுபொருள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் பருத்திக்காடு. இந்த 'ஈ', 'இசட்' எழுத்துகளை நான் தினமும் பார்ப்பது இனக்கவர்ச்சிப் பொறிக்கு வைக்கிற குப்பியின் உறையில்தான்.

பச்சைக் காய்ப்புழுவின் பெண் அந்துப்பூச்சி விடுகிற வாசனையில் முக்கியமானது 'இசட்'-11-ஹெக்சாடெசினால் என்ற ஆல்டிஹைடு. அதோடு 'இசட்'-9-ஹெக்சாடெசினால் கொஞ்சம், ஏறக்குறைய 97-க்கு 3. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் காசிப்ளூர்: ஹெக்சாடெக்கா-7,11-டையீனைல் அசிட்டேட்டின் இரண்டு வடிவங்கள். 7-ஆவது கார்பனில் இரண்டுமே 'இசட்'. 11-ஆவதில் ஒன்று 'இசட்', மற்றது 'ஈ'. இரண்டும் சரிக்குச் சரி. ஒன்றை மட்டும் வைத்தால் ஆண் பூச்சி சரியாக வராது.

ஐரோப்பிய மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானில் இன்னும் விசேஷம். 11-டெட்ராடெசினைல் அசிட்டேட்டில் 'இசட்' மிகுந்த கலவைக்கு வருகிற கூட்டம் ஒன்று, 'ஈ' மிகுந்த கலவைக்கு வருகிற கூட்டம் இன்னொன்று. பார்க்க ஒரே பூச்சி. நமக்குத் தாளில் ஓர் எழுத்து மாறுகிறது, அதற்கு மாப்பிள்ளையே மாறிப்போகிறான்.

இந்தத் துறையில் முதலில் பிரித்தெடுத்ததும் இதே ரகம். 1959-இல் புட்டெனான்ட் குழுவினர் பட்டுப்பூச்சியிலிருந்து எடுத்த பாம்பிகால், 10 'ஈ', 12 'இசட்'. அதற்காக ஏறக்குறைய ஐந்து லட்சம் பெண் அந்துப்பூச்சிகளைப் பயன்படுத்தினார்கள்.

பென்சீன்வளையம்

இதிலெல்லாம் இரு கார்பனிலும் ஹைட்ரஜன் இருப்பதால் சிஸ், டிரான்ஸ் என்று எழுதினாலும் ஓடும் இல்லையா?

கரிசல்காட்டான்

ஓடும். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டு இரட்டைப் பிணைப்பு இருக்கும்போது எண்ணோடு எழுத்தைச் சேர்த்து எழுதுவது சுலபம்.

எண்ணெய்ச்செக்கு

கொழுப்பு வேதியியலில் மட்டும் சிஸ், டிரான்ஸை யாரும் விடப்போவதில்லை. சமையல் எண்ணெய் ஆய்வகத்தில் இருக்கிறேன். 'ஈ-கொழுப்பு' என்று சொல்லி எந்த அதிகாரிக்கும் புரியவைக்க முடியாது, டிரான்ஸ் கொழுப்பு என்றால் கடைக்காரருக்கே தெரியும்.

ஒலியிக் அமிலம் சிஸ், சுமார் 13 டிகிரியில் உருகும். அதன் டிரான்ஸ் வடிவம் எலைடிக் அமிலம், 43-45 டிகிரி. இரண்டுக்கும் 18 கார்பன், 9-ஆவதில் ஒரே இரட்டைப் பிணைப்பு. சிஸ்ஸில் சங்கிலி வளைகிறது, அடுக்க வராது. டிரான்ஸில் ஏறக்குறைய நேராக இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொள்கிறது. வனஸ்பதி கட்டியாக நின்றதில் இதற்கும் பங்கு உண்டு.

தாவர எண்ணெயில் டிரான்ஸ் கிட்டத்தட்ட இல்லை. தொழிற்சாலையில் எங்கிருந்து வருகிறது என்றால், நிக்கல் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்றும்போது. ஒரு கார்பனில் ஹைட்ரஜன் ஏறியதும் அது ஒற்றைப் பிணைப்பாகிச் சுழலத் தொடங்கிவிடும். இரண்டாவது ஹைட்ரஜன் வருவதற்குள் முதலில் ஏறியது இறங்கிவிட்டால் இரட்டைப் பிணைப்பு திரும்ப உருவாகும், ஆனால் இந்த முறை அதிகம் நிலைத்த டிரான்ஸாக. முழுசாக ஹைட்ரஜன் ஏற்றினால் டிரான்ஸே மிஞ்சாது. பாதியில் நிறுத்துவதுதான் பிரச்சினை. நார்மன் 1902-இல் காப்புரிமை வாங்கிய முறை இது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் அளவை 2021-இல் 3 விழுக்காட்டுக்கும் 2022 தொடக்கத்திலிருந்து 2 விழுக்காட்டுக்கும் இறக்கிவிட்டார்கள்.

நெய்யிலும் பாலிலும் இயல்பாகவே கொஞ்சம் டிரான்ஸ் உண்டு, வாக்சினிக் அமிலம். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் செய்வது. டிரான்ஸ் என்றாலே தொழிற்சாலை என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

ஓஎம்ஆர்தாள்

நல்ல வேளை நிலைத்தன்மைப் பேச்சு வந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்வது: டிரான்ஸ் எப்போதும் நிலைப்பு அதிகம், சிஸ்ஸுக்கு எப்போதும் கொதிநிலை அதிகம். இதிலாவது பிரச்சினை இல்லையே?

சுண்ணக்கட்டி

'எப்போதும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பியூட்-2-ஈனில் சரி. ஹைட்ரஜன் ஏற்றும்போது சிஸ் மோலுக்கு 4 கிலோஜூல் வரை கூடுதல் வெப்பம் தருகிறது, அதனால் டிரான்ஸ் அந்த அளவு நிலைத்தது. கொதிநிலை சிஸ் 3.7, டிரான்ஸ் 0.9 டிகிரி. உருகுநிலையில் தலைகீழ்: சிஸ் மைனஸ் 139, டிரான்ஸ் மைனஸ் 106 அருகில்.

1,2-டைகுளோரோஎத்தீனுக்கு வா. கொதிநிலை சிஸ் 60, டிரான்ஸ் 48. சிஸ்ஸின் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.9 டிபை, டிரான்ஸில் இரண்டும் எதிரெதிராக அடித்துக்கொண்டு சுழியம். இதுவரை உங்கள் விதி ஓடுகிறது. ஆனால் நிலைத்தன்மையில் சிஸ்தான் கொஞ்சம் முன்னால். டைஃபுளூரோஎத்தீனிலும் அப்படியே. குளோரின்கள் நெருங்கினால் இடிக்கும் என்ற எளிய வாதம் அங்கே செல்லவில்லை.

'ஈ', 'இசட்' எழுத்துகளுக்கு வந்தால் நிலைத்தன்மையோடு சம்பந்தமே கிடையாது. புரோமினுக்கு அணு எண் 35, அதனால் மூவிணைய பியூட்டைலை வெல்கிறது. ஆனால் இடத்தை அடைப்பதில் மூவிணைய பியூட்டைல் புரோமினை விடப் பெரியது. அணு எண்ணை வைத்துப் போட்ட பெயரிலிருந்து நெரிசலை ஊகிக்கக் கூடாது.

மாத்திரைச்சீட்டு

டமாக்சிஃபென் மாத்திரையை வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இரட்டைப் பிணைப்பு சுழலாது என்றுதானே படித்தோம்.

பென்சீன்வளையம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றத் தடை மோலுக்கு 12 கிலோஜூல்தான். எத்திலீனில் சுமார் 270. சுற்ற வேண்டுமானால் இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது பிணைப்பான பை பிணைப்பையே முறிக்க வேண்டும், அறை வெப்பநிலையில் அது நடக்காது. ஆனால் புற ஊதா ஒளி ஒரு எலக்ட்ரானைப் பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு ஏற்றிவிட்டால் தடை போய்விடும். டமாக்சிஃபென் கரைசலில் ஒளி பட்டால் 'ஈ' வடிவம் உருவாகும், வளையம் மூடி ஃபினான்த்ரீன் வகைகளும் வரும். 'ஈ' வடிவம் இங்கே மாசு, அதனால் அதற்கு மருந்து நூல்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

நம் கண்ணில் நடப்பதும் இதே வேலைதான். 11-சிஸ்-ரெட்டினாலில் ஒளி பட்டால் முழு டிரான்ஸாகிறது. ஜார்ஜ் வால்டுக்கு 1967 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது இந்த வேலைக்காக.

வடமராட்சிவாசன்

வணக்கம். நாங்கள் இலங்கையில் உயர்தரத்தில் இதைக் கேத்திரகணித சமபகுதியம் என்று படித்தோம், நீங்கள் மாற்றியம் என்பதுதான். இப்போது பிள்ளைகளுக்கு ரியூஷன் எடுக்கிறேன். ஹெக்சா-2,4-டையீனுக்கு எத்தனை சமபகுதியங்கள் என்றால் எல்லோரும் 4 என்கிறார்கள், இரண்டு இரட்டைப் பிணைப்பு, இரண்டின் வர்க்கம். விளக்கப் படம் போட்டே களைத்துவிட்டேன். வேறு வழி உண்டா?

சுண்ணக்கட்டி

இரு முனைகளும் ஒன்றாக இருப்பதால் 'ஈ,இசட்'டைத் திருப்பிப் பிடித்தால் 'இசட்,ஈ' ஆகிவிடும். ஆக 3. பெயர் எழுதும்போது 'இசட்'டுக்குச் சிறிய எண் கொடுக்க வேண்டும்: 2'இசட்',4'ஈ'. ஹெப்டா-2,4-டையீனில் முனைகள் வேறு, அங்கே 4 சரிதான். ஆக்டா-2,4,6-டிரையீனில் எட்டு இல்லை, ஆறு. பிள்ளைகளை எழுத்து வரிசைகளாகவே எழுதச் சொல்லுங்கள், திருப்பிப் படித்தால் ஒன்றாக வருபவற்றை அவர்களே அடிப்பார்கள். படம் தேவையில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஹெப்டா-2,5-டையீன்-4-ஆல்.

வடமராட்சிவாசன்

முனைகள் ஒன்று, ஆகவே 3 என்றுதான் எழுதுவார்கள். ஆனால் நடுக்காபனில் ஐதரொட்சில், ஐதரசன், இரண்டு புரப்பினைல். ஒரு பக்கம் 'ஈ', மறுபக்கம் 'இசட்' என்றால் அந்த இரண்டு புரப்பினைலும் வேறுவேறு கூட்டங்கள் ஆகிவிடும், நடுக்காபன் சமச்சீரற்றதாகும். ஆர், எஸ் இரண்டும் வரும். மொத்தம் 4! முன்னுரிமை எப்படி?

சுண்ணக்கட்டி

'இசட்' 'ஈ'யை விட முன். அதற்கென்றே ஒரு விதி இருக்கிறது.

எண்ணெய்ச்செக்கு

இடையில் ஒரு சின்னக் கேள்வி. சைக்ளோஹெக்சீனுக்கு ஏன் யாரும் 'இசட்' போடுவதில்லை?

பென்சீன்வளையம்

வேறு வழியே இல்லை என்பதால். ஆறு கார்பன் வளையத்தில் டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பை நிறுத்த முடியாது. அறை வெப்பநிலையில் புட்டியில் வைக்கக்கூடிய மிகச் சிறிய டிரான்ஸ் வளையம் சைக்ளோஆக்டீன். எட்டுக்குக் கீழே எழுத்து போட வேண்டாம் என்று பெயரிடல் விதியே சொல்கிறது.

மாத்திரைச்சீட்டு

அசைன்மென்ட் எழுதிவிட்டேன். எழுதும்போது பக்கத்துப் பாடத்தில் குளோமிஃபீன் வந்தது, கருத்தரிப்புச் சிகிச்சையில் கொடுப்பது. அமைப்பு டமாக்சிஃபென் போலவே இருக்கிறது. அமினோ முனையில் மெத்திலுக்குப் பதில் எத்தில்கள், வலது கார்பனில் எத்தில் இருந்த இடத்தில் குளோரின். மாத்திரையில் என்குளோமிஃபீன், சூகுளோமிஃபீன் இரண்டும் கலந்திருக்கின்றன. இதில் ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பது என்குளோமிஃபீன், அது 'ஈ' வடிவம் என்று போட்டிருக்கிறது. டமாக்சிஃபெனில் தடுப்பது 'இசட்', இதில் 'ஈ'. மறுபடியும் குழம்பிவிட்டேனா?

சுண்ணக்கட்டி

குழம்பவில்லை, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய். வலது கார்பனில் யார் பெரியவர் என்று இப்போது பார்.

மாத்திரைச்சீட்டு

பீனைலும் குளோரினும். குளோரின் அணு எண் 17, கார்பன் 6. குளோரின் வெல்கிறது. டமாக்சிஃபெனில் அந்த இடத்தில் பீனைல் வென்றது. 'ஈ' என்றால் குளோரின் வால் வளையத்துக்கு எதிர்ப்பக்கம். அப்போது வலதுபுறப் பீனைல் வால் வளையத்தின் பக்கம். அது டமாக்சிஃபெனில் இருக்கிற அதே நிலை!

சுண்ணக்கட்டி

அதேதான். வால் வளையமும் இரண்டு வெறும் பீனைல்களும் இரண்டு மருந்திலும் ஒரே இடங்களில் நிற்கின்றன. ஏற்பியில் போய் உட்காருகிற புரதத்துக்கு நாம் வைத்த எழுத்து தெரியாது, வளையம் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியும்.

ஓஎம்ஆர்தாள்

ஏற்பியே புரதம்தானே ஐயா, அதில் உட்காருவது மருந்து. ஆனால் உதாரணம் பிரமாதம். இதை நான் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சுண்ணக்கட்டி

ஆமாம், உட்காருவது மருந்து. எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே டோரெமிஃபீனையும் வையுங்கள். டமாக்சிஃபெனின் எத்தில் முனையில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரின், மற்றதெல்லாம் அப்படியே, வளையங்களின் இடமும் அப்படியே. 'ஈ'யா, 'இசட்'டா?

பென்சீன்வளையம்

குளோரின் வந்துவிட்டதால் 'ஈ'.

மாத்திரைச்சீட்டு

'இசட்' அண்ணா. குளோரின் இரண்டாவது கார்பனில் இருக்கிறது. முதல் கார்பனிலேயே எத்தில் பக்கம் கார்பன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். பீனைல் பக்கம் கார்பன் மூன்று. அங்கேயே பீனைல் வென்றுவிட்டது, குளோரின் வரைக்கும் போகவே வேண்டாம்.